ஊசி முனையில் ஒரு காது

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கப் பழகும் ஒருவர், முதன்முறையாகத் தையல் இயந்திரம் வாங்கக் கடைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் உள்ளவர்கள் அவருக்குச் சில அறிவுரைகளைக் கூறுவார்கள். இயந்திரத்தின் பளபளப்பையும், அது போடும் பூவேலைகளின் எண்ணிக்கையையும் கண்டு மயங்கிவிடக் கூடாது. போர்வைக்கு வேண்டிய மேல்துணி, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றிலும் சிறு துண்டுகளைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். அவற்றை அடுக்கி, நேர்க்கோட்டில் தைத்துப் பார்க்க வேண்டும். பிறகு துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் இருபுறமும் ஒரே சீராக உள்ளதா? அடுக்குகள் நழுவாமல் நகர்கின்றனவா? வளைவான இடத்தில் துணியைத் திருப்பித் தைக்க முடிகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் விலை நம் கைக்கு எட்டுமா?

இந்தக் கேள்விகளை இன்று எவரும் எளிதாகக் கேட்கலாம். ஆனால், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு, இவற்றுள் முதல் கேள்விக்கு விடை காண்பதற்கே ஓர் இளைஞர் தம் உடல்நலத்தையும் குடும்ப நிம்மதியையும் பணயம் வைத்தார். அவர் பெயர் எலியாஸ் ஹோவ்.

உழவர் வீட்டுப் பிள்ளை

எலியாஸ் ஹோவ் 1819ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பென்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை உழவுத் தொழிலோடு மாவு அரைக்கும் ஆலையையும் மரம் அறுக்கும் ஆலையையும் நடத்தி வந்தார். ஆனால், எட்டுப் பிள்ளைகள் கொண்ட அந்தக் குடும்பத்திற்கு அந்த வருமானம் போதவில்லை. எனவே, பிள்ளைகளும் சிறு வயதிலேயே வேலை செய்தார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கருவிக்காகத் தோல் பட்டைகளில் சின்னஞ்சிறு கம்பிகளைச் செருகும் வேலையை எலியாஸ் ஆறு வயதிலேயே செய்யத் தொடங்கினார்.

எலியாஸ் பிறவியிலேயே ஒரு கால் சற்று ஊனமுற்றவர். உடலும் வலுவற்றது. பக்கத்துப் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்குள்ள கடின உழைப்பை அவரால் தாங்க முடியவில்லை. ஓராண்டுக்குள் வீடு திரும்பிவிட்டார். வயல் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. ஆனால், ஆலையில் சுழலும் சக்கரங்களும் பற்களும் அவர் மனத்தைக் கவர்ந்தன.

பதினாறாவது வயதில் அவர் லோவெல் நகருக்குச் சென்றார். அந்நகரம் அக்காலத்தில் துணி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கு நெசவு இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் தொழில் பழகினார். தறியில் ஊடுநூலைச் சுமந்துகொண்டு இங்குமங்கும் பாயும் நாடாவை அவர் நாள்தோறும் கண்டார். 1837ஆம் ஆண்டு அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, எலியாசும் வேலையை இழந்தார். அவர் முதலில் கேம்பிரிட்ஜ் நகருக்கும் பின்னர்ப் பாஸ்டன் நகருக்கும் வேலை தேடிச் சென்றார்.

காதில் விழுந்த பேச்சு

பாஸ்டனில் ஆரி டேவிஸ் என்பவரின் பட்டறையில் எலியாசுக்கு வேலை கிடைத்தது. கப்பலோட்டிகளுக்கும் அறிவியல் ஆய்வாளர்களுக்கும் வேண்டிய நுண்ணிய கருவிகள் அங்குச் செய்யப்பட்டன, பழுதும் பார்க்கப்பட்டன. புதிய கருவிகளை உருவாக்க முயல்பவர்கள் ஆலோசனை கேட்க அந்தப் பட்டறைக்கு வருவதுண்டு.

ஒருநாள், பின்னல் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றவர் தமக்குப் பண உதவி செய்பவருடன் அங்கு வந்தார். பேச்சு வளர்ந்தது. பின்னல் இயந்திரத்தைவிடத் தையல் இயந்திரத்தைச் செய்பவரே பெருஞ்செல்வர் ஆவார் என்ற கருத்து அந்தப் பேச்சில் எழுந்தது. வந்தவர்கள் அதை மறந்து போயிருக்கலாம். ஆனால், ஓரமாக நின்று வேலை செய்துகொண்டிருந்த இருபது வயது இளைஞரின் மனத்தில் அது விதையாக விழுந்தது.

தையல் இயந்திரம் பற்றிய எண்ணம் அப்போது முற்றிலும் புதியதன்று. பிரான்ஸ் நாட்டில் தையற்காரரான பார்தலெமி திமோனியே 1830ஆம் ஆண்டிலேயே ஒரு தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பாரிசில் அவருடைய 80 இயந்திரங்கள் இராணுவச் சீருடைகளைத் தைத்தன. தங்கள் பிழைப்பு பறிபோகும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அவற்றை அடித்து நொறுக்கினார்கள். நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் என்பவரும் 1830களில் ஒரு தையல் இயந்திரத்தைச் செய்தார். ஆனால், கையால் தைத்துப் பிழைக்கும் பெண்கள் வேலை இழப்பார்களே என்ற கவலையும் சேர்ந்துகொண்டதால், அவர் அதற்குக் காப்புரிமை பெறாமல் விட்டுவிட்டார்.

மனைவியின் கைகள்

1841ஆம் ஆண்டு எலியாஸ், எலிசபெத் ஏம்ஸ் என்பவரை மணந்தார். அடுத்தடுத்து மூன்று குழந்தைகள் பிறந்தனர். அவருடைய வாரச் சம்பளம் 9 டாலர். வேலை முடிந்து வீடு திரும்பும்போது, உண்பதற்குக்கூடத் தெம்பில்லாமல் படுக்கையில் விழும் அளவுக்கு அவர் களைத்துப் போவார். குடும்பச் செலவைச் சமாளிக்க எலிசபெத் பிறருடைய துணிகளைத் தைத்துக் கொடுத்தார்.

அக்காலத்தில் கைத்தையல் என்பது பொழுதுபோக்கு அன்று. ஆண்கள் அணியும் சட்டை ஒன்றைக் கையால் தைத்து முடிக்க 14 மணி நேரத்திற்கும் மேலாகும் என்று பிற்காலத்தில் ஒரு தையல் இயந்திர நிறுவனம் கணக்கிட்டு வெளியிட்டது. குடும்பத்தினரின் உடைகள், படுக்கை விரிப்புகள், குளிர்காலப் போர்வைகள் ஆகிய அனைத்தும் பெண்களின் விரல்களால்தான் உருவாயின. விளக்கொளியில் இரவு நெடுநேரம் தைத்ததால் பலரின் கண்பார்வையும் உடல்நலமும் கெட்டன.

எலியாஸ் தம் மனைவியின் கைகளை உற்று நோக்கத் தொடங்கினார். ஊசி துணிக்குள் செல்கிறது, மறுபுறம் வெளிவருகிறது, மீண்டும் உள்ளே செல்கிறது. இதையே ஓர் இயந்திரம் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1843ஆம் ஆண்டு முதல், ஓய்வு நேரத்தையெல்லாம் இந்த முயற்சிக்கே செலவிட்டார். இருபுறமும் கூர்முனை கொண்டு, நடுவில் துளையுள்ள ஓர் ஊசியைச் செய்தார். அது துணியை முன்னும் பின்னும் துளைத்துச் செல்லுமாறு ஓர் அமைப்பை உருவாக்கினார். மாதக்கணக்கில் உழைத்தும் ஒழுங்கான தையல் விழவில்லை.

தவறு எங்கே இருந்தது? இயந்திரம் மனிதக் கையைப் போலவே தைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததுதான் தவறு. கைக்கு விரல்கள் உண்டு; ஊசியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடித்துக்கொள்ளும் திறமை உண்டு. இரும்புக்கு அது இல்லை. எனவே, இரும்பு வேறு வழியில்தான் தைக்க வேண்டும்.

காது இடம் மாறியது

1844ஆம் ஆண்டில் எலியாசின் சிந்தனை திசை திரும்பியது. ஒரே நூலால்தான் தைக்க வேண்டுமா? இரண்டு நூல்களைப் பயன்படுத்தினால் என்ன? லோவெல் ஆலையில் கண்ட தறி நாடா அவருக்கு வழிகாட்டியது.

கைத்தையல் ஊசியின் காது, கூர்முனைக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும். எலியாஸ் அந்தக் காதைக் கூர்முனைக்கு அருகில் கொண்டுவந்தார். இதனால் ஊசி முழுவதும் துணியைக் கடந்து செல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஊசியின் முனை மட்டும் துணியைத் துளைத்து நூலை மறுபுறம் கொண்டு செல்லும். ஊசி பின்வாங்கத் தொடங்கும்போது அந்த நூல் சற்றுத் தளர்ந்து ஒரு சிறு வளையமாக விரியும். அந்த நொடியில், இரண்டாவது நூலைச் சுமந்த சிறு நாடா வளையத்திற்குள் பாய்ந்து செல்லும். ஊசி திரும்பியதும் இரண்டு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பிணைத்து இறுகிவிடும். மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் தையல் ஒன்றுபோலவே இருக்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் உடனே உருவிக்கொண்டு வராது.

ஊசியின் காது இடம் மாறியது பற்றி ஒரு கதை வழங்குகிறது. எலியாஸ் ஒரு கனவு கண்டதாகவும், அதில் தம்மைச் சூழ்ந்த வீரர்களின் ஈட்டி முனைகளில் துளை இருந்ததைக் கண்டு விழித்ததாகவும் அக்கதை கூறும். இஃது அவருடைய குடும்பத்தினர் வழியாகப் பின்னாளில் பரவிய கதை. கனவு வந்ததோ இல்லையோ, அந்த முனைக்குப் பின்னால் பல மாத உழைப்பும் தோல்வியும் இருந்தன.

வழி தெரிந்துவிட்டது, ஆனால், இரும்பும் எஃகும் வாங்கப் பணம் இல்லை. அப்போது பள்ளித் தோழர் ஜார்ஜ் ஃபிஷர் கைகொடுத்தார். அவர் நிலக்கரியும் விறகும் விற்கும் வணிகர். எலியாசின் குடும்பத்தைத் தம் வீட்டிலேயே தங்க வைத்து, மேல்மாடி அறையைப் பட்டறையாக்கித் தந்தார். கருவிகளுக்காக 500 டாலரும் கொடுத்தார். அதற்கு ஈடாக, கிடைக்கப்போகும் காப்புரிமையில் பாதிப் பங்கைப் பெற அவர் உடன்பட்டார்.

1845ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இயந்திரம் முதல் தையலைப் போட்டது. ஜூலை மாதத்தில் எலியாஸ் இரண்டு கம்பளி உடைகளின் தையல்களை அந்த இயந்திரத்திலேயே தைத்தார். ஒன்று நண்பர் ஃபிஷருக்கு, மற்றொன்று தமக்கு.

ஐவரை வென்ற இயந்திரம்

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? அதை உலகம் ஏற்க வேண்டுமே! எலியாஸ் இயந்திரத்தைப் பாஸ்டனில் உள்ள குவின்சி மண்டபத்து ஆடைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றார். இரண்டு வாரங்கள் அங்கேயே அமர்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தைத்துக் காட்டினார். பிறகு ஒரு போட்டிக்கு அழைப்பு விடுத்தார். அங்கு வேலை செய்தவர்களில் மிக விரைவாகத் தைக்கும் ஐந்து பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சம நீளமுள்ள பத்துத் துணிகள் கொண்டுவரப்பட்டன. பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று, இயந்திரத்திற்கோ ஐந்து.

ஐந்து பெண்களும் தத்தம் ஒரு துணியை முடிப்பதற்கு முன்னரே, இயந்திரம் தன் ஐந்து துணிகளையும் தைத்து முடித்துவிட்டது. அது நிமிடத்திற்கு 250 தையல்கள் போடக்கூடியது. அதன் தையல் கைத்தையலைவிடச் சீராகவும் இருந்தது. பார்த்தவர்கள் வியந்து பாராட்டினார்கள். ஆனால், ஒருவர்கூட ஓர் இயந்திரம் வாங்க முன்வரவில்லை.

இதற்குக் காரணங்கள் இருந்தன. ஓர் இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 300 டாலர். எலியாஸ் பட்டறையில் வேலை பார்த்தபோது பெற்ற சம்பளத்தில் கணக்கிட்டால், அது 33 வாரச் சம்பளத்திற்கும் மேல். தையற்காரர்கள் வேலை இழந்து கலகம் செய்வார்களோ என்ற அச்சமும் முதலாளிகளுக்கு இருந்தது. இயந்திரத்திலும் குறைகள் இருந்தன. அதில் துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஒரு தகட்டில் உள்ள சிறு முட்களில் மாட்ட வேண்டும். தகட்டின் நீளத்திற்குத் தைத்து முடித்ததும், நிறுத்திவிட்டுத் துணியை மறுபடியும் மாட்ட வேண்டும். நேர்க்கோட்டில் மட்டுமே தைக்கலாம். துணியை நம் விருப்பம்போல் திருப்பித் தைக்க முடியாது. புதிதாகத் தைக்கப் பழகும் ஒருவர் கடையில் கேட்கும் கேள்விகளில், முதல் கேள்விக்கு அந்த இயந்திரம் நன்றாகவே விடை சொன்னது. மற்றக் கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை.

எலியாஸ் மனம் தளரவில்லை. மேலும் ஓர் இயந்திரத்தைச் செய்து வாஷிங்டனில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஒப்படைத்தார். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்குள் ஃபிஷர் ஏறத்தாழ 2,000 டாலர் செலவிட்டிருந்தார். ஒரு காசுகூடத் திரும்பி வராததால், அவர் உதவியை நிறுத்திக்கொண்டார். எலியாஸ் குடும்பத்தோடு தந்தையின் வீட்டிற்குச் சென்றார். பிழைப்புக்காகச் சில காலம் இரயில் வண்டி ஓட்டினார். உடல்நலம் குன்றியதால் அந்த வேலையும் நிலைக்கவில்லை.

இலண்டனில் துயரம்

அமெரிக்காவில் வாங்க ஆள் இல்லாததால், எலியாசின் சகோதரர் அமாசா இயந்திரத்தை எடுத்துக்கொண்டு கப்பலேறி இலண்டனுக்குச் சென்றார். அங்கு இடைக்கச்சை, குடை, பயணப்பெட்டி முதலியவற்றைச் செய்யும் வில்லியம் தாமஸ் என்ற வணிகர் இயந்திரத்தை 250 பவுனுக்கு வாங்கினார். இங்கிலாந்தில் அதற்கான உரிமையும் அவர் கைக்குச் சென்றது. விற்கும் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஒரு தொகை தருவதாகச் செய்துகொண்ட உடன்பாடு வெறும் வாய்ப்பேச்சாகவே இருந்தது, எழுத்தில் இல்லை. அந்தப் பணம் எலியாசுக்குக் கிடைக்கவே இல்லை.

1847ஆம் ஆண்டு எலியாசும் இலண்டன் சென்றார். இடைக்கச்சை தைப்பதற்கு ஏற்ப இயந்திரத்தை மாற்றியமைக்கும் வேலை அவருக்கு வாரம் 3 பவுன் சம்பளத்தில் தரப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் அவருடன் வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் வேலை முடிந்தது. அதோடு சம்பளமும் நின்றது. அந்நிய நகரில், குளிரில், கையில் பணமின்றி அக்குடும்பம் தவித்தது. எலிசபெத்தின் உடல்நலம் கெட்டது. கடன் வாங்கி மனைவியையும் பிள்ளைகளையும் எலியாஸ் தாயகத்திற்கு அனுப்பி வைத்தார்.

பிறகு, வண்டி செய்யும் தொழிலாளி சார்லஸ் இங்லிஸ் என்ற நண்பரின் உதவியோடு மேலும் ஓர் இயந்திரத்தைச் செய்தார். 50 பவுன் மதிப்புள்ள அதை 5 பவுனுக்கே விற்க முடிந்தது. ஊர் திரும்பப் பணம் வேண்டும். தாம் செய்த முதல் இயந்திரத்தையும் காப்புரிமைப் பத்திரங்களையும் அடகுக் கடையில் வைத்துவிட்டு, 1849ஆம் ஆண்டு அவர் கப்பலேறினார்.

நியூயார்க்கில் இறங்கியபோது அவரிடம் சில்லறைக் காசுகளே இருந்தன. எலிசபெத் காசநோயால் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி அங்கேதான் அவருக்கு எட்டியது. பயணம் செய்யப் பணமில்லை. தந்தை அனுப்பிய 10 டாலர் வந்து சேரும் வரையில் அவர் காத்திருந்தார். கேம்பிரிட்ஜை அடைந்தபோது மனைவியின் இறுதி நேரம் நெருங்கியிருந்தது. அடக்கச் சடங்கில் கலந்துகொள்ள நல்ல உடை இல்லாமல், உறவினர் ஒருவரின் உடையை இரவல் வாங்கி அணிந்தார். உடை தைக்கும் இயந்திரத்தைச் செய்தவருக்குத் தம் மனைவியை வழியனுப்பச் சொந்தமாக ஓர் உடை இல்லை. சில நாள்களில், வீட்டுப் பொருள்களை ஏற்றி வந்த கப்பல் கரையருகே மூழ்கிய செய்தியும் வந்தது.

எந்தக் கைகளின் உழைப்பைக் கண்டு இந்த முயற்சியை அவர் தொடங்கினாரோ, அந்தக் கைகளுக்கு இயந்திரத்தால் ஓய்வு கிடைக்கவே இல்லை.

நீதிமன்றத் தீர்ப்பு

எலியாஸ் இலண்டனில் இருந்த காலத்தில் அமெரிக்காவில் நிலைமை மாறியிருந்தது. அவருடைய அனுமதி இல்லாமலே, ஊசிமுனைக் காதையும் இரட்டை நூல் முறையையும் பயன்படுத்தும் இயந்திரங்கள் செய்யப்பட்டு விற்கப்பட்டன. அவற்றைச் செய்தவர்களிடம் எலியாஸ் தம் உரிமையைக் கேட்டார். சிலர் இணங்கினர், பலர் மறுத்தனர். வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. தந்தை தம் பண்ணையை அடகு வைத்து உதவினார். இலண்டன் அடகுக் கடையில் இருந்த முதல் இயந்திரமும் பத்திரங்களும் 100 டாலர் அனுப்பி மீட்கப்பட்டன.

அவரை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஐசக் மெரிட் சிங்கர். எலியாசுக்கு முன்பே வால்டர் ஹண்ட் இத்தகைய இயந்திரத்தைச் செய்துவிட்டார் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஹண்ட் செய்தது உண்மைதான். ஆனால், அவர் உரிய காலத்தில் காப்புரிமை பெறவில்லை. தம் கருவியை மக்களின் பயன்பாட்டுக்கும் கொண்டு வரவில்லை. 1854ஆம் ஆண்டு எலியாசுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. சிங்கர் 15,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்.

பலர் கைபட்ட இயந்திரம்

சிங்கரை எலியாசின் எதிரியாக மட்டும் பார்ப்பது முறையாகாது. எலியாசின் இயந்திரத்தில் இருந்த குறைகள் பலவற்றைத் தீர்த்தவர்களில் அவரும் ஒருவர். அவர் 1851ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் துணி மேசைமேல் கிடந்தது. நேரான ஊசி மேலும் கீழும் இயங்கியது. ஒரு பாதம் துணியை அழுத்திப் பிடித்தது. காலால் மிதித்து ஓட்ட முடிந்ததால், இரு கைகளாலும் துணியைப் பிடித்துத் திருப்ப முடிந்தது. ஆலன் வில்சன் என்ற மற்றோர் அறிஞர், சிறு பற்கள் மேலெழுந்து துணியை நகர்த்தி, மீண்டும் கீழிறங்கும் அமைப்பை உருவாக்கினார். பற்கள் கீழே இறங்கியிருக்கும் நேரத்தில் துணியை எப்பக்கமும் திருப்பலாம். வளைவான தையல் இதனால் எளிதாயிற்று.

இவ்வாறு ஒவ்வொருவரிடமும் ஒரு பகுதி இருந்தது. முழு இயந்திரமும் எவரிடமும் இல்லை. ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடுத்துக்கொண்டே போனால் எல்லாருக்கும் இழப்புதான். எனவே, 1856ஆம் ஆண்டு எலியாசும் மூன்று பெரிய நிறுவனங்களும் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்த உடன்பட்டனர். இயந்திரம் செய்யும் பிறரும் கட்டணம் செலுத்தி அவற்றைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒவ்வோர் இயந்திரத்திற்கும் எலியாசுக்கு 5 டாலர் கிடைத்தது.

அதே ஆண்டில் சிங்கர் நிறுவனம் தவணைமுறை விற்பனையைத் தொடங்கியது. முதலில் 5 டாலர் கட்டி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். மீதியை மாதந்தோறும் கட்டலாம். விலை கைக்கு எட்டுமா என்ற கடைசிக் கேள்விக்கும் ஒரு விடை கிடைத்தது. உழவர் வீடுகளிலும் தையல் இயந்திரம் இடம்பிடித்தது. 14 மணி நேரத்திற்கும் மேல் கையால் தைத்த சட்டையை, ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் தைத்து முடிக்க முடிந்தது.

போர்வை தைக்கும் பெண்கள் பலர் கைத்தையலோடு இயந்திரத் தையலையும் கையாளத் தொடங்கினர். ஜார்ஜியா மாநிலத்தில் 1837ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்து, பின்னர் விடுதலை பெற்ற ஹாரியட் பவர்ஸ் அவர்களுள் ஒருவர். பைபிள் கதைகளைத் துண்டுத் துணிகளால் சித்திரித்து அவர் தைத்த போர்வை, இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் கைத்தையலும் இயந்திரத் தையலும் அருகருகே காணப்படுகின்றன.

இயந்திரத்தால் எல்லாருக்கும் நன்மையே விளைந்தது என்றும் சொல்லிவிட முடியாது. வேலை விரைவானதும், ஓர் உடைக்குத் தரும் கூலியைப் பல முதலாளிகள் குறைத்தார்கள். நெரிசலான அறைகளில் நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் அமர்ந்து தைக்கும் புதிய தொழிலாளர் கூட்டம் உருவானது. ஒரு கருவி உழைப்பைக் குறைக்குமா, பெருக்குமா என்பது அக்கருவியை மட்டும் பொறுத்ததன்று. அதைப் பயன்படுத்தும் மனிதரின் மனத்தையும் பொறுத்தது.

இறுதி ஆண்டுகள்

ஒரு காலத்தில் 10 டாலருக்குக் காத்திருந்த எலியாஸ், தம் காப்புரிமையால் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் ஈட்டினார். ஆயினும், செல்வம் அவருடைய எளிமையைக் குலைக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862ஆம் ஆண்டு, அவர் கனெக்டிகட் மாநிலத்தின் பதினேழாம் படைப்பிரிவில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தார். உடல்நலம் இடம் தராததால், குதிரையில் சென்று வீரர்களுக்குக் கடிதங்களைக் கொண்டுவரும் பணியை ஏற்றார். அரசாங்கத்திடமிருந்து வீரர்களுக்குச் சம்பளம் வரத் தாமதமானபோது, படைப்பிரிவு முழுவதற்கும் வேண்டிய பணத்தைத் தாமே முன்கூட்டிக் கொடுத்து உதவினார். பணம் வராத வீட்டின் நிலை எப்படி இருக்கும் என்பதை அவர் நன்கு அறிந்தவர் அல்லவா?

1867ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டின் உயரிய விருதும் வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய காப்புரிமைக் காலம் முடிவடைந்தது. சில வாரங்களில், அக்டோபர் 3ஆம் நாள், புருக்ளினில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

இயந்திரங்கள் மனிதரை அடிமையாக்கும் என்று எச்சரித்த காந்தியடிகள், தையல் இயந்திரத்திற்கு விதிவிலக்கு அளித்தார். கையால் தைத்து வருந்திய மனைவியின்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்று 1924ஆம் ஆண்டு அவர் எடுத்துக்காட்டினார். அவர் சொன்ன பெயர் சிங்கர். ஆனால், அந்தக் காட்சி எலியாஸ், எலிசபெத் இருவரின் இல்லத்தையே நமக்கு நினைவூட்டுகிறது.

இன்று நம் வீட்டுத் தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றிப் பார்த்தால், அதன் காது கூர்முனைக்கு அருகிலேயே இருப்பதைக் காணலாம். இயந்திரங்கள் எத்தனையோ மாறிவிட்டன. காலால் மிதித்தவை மின்சாரத்தால் ஓடுகின்றன. ஆனால், அந்தச் சிறு துளை, எலியாஸ் வைத்த இடத்திலேயே இருக்கிறது. முதல் போர்வையைத் தைத்து முடித்து, அதைத் திருப்பிப் பார்த்து, இருபுறமும் தையல் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு மகிழும் ஒவ்வொருவரும், அவரும் எலிசபெத்தும் பட்ட பாட்டின் பயனையே தொட்டுப் பார்க்கிறார்கள்.